சுடும் ஆட்டமும் புறத்திணையும்

2019 மார்ச்சுத் திங்களில், நியூசிலாந்து நாட்டுக் கிறைஸ்ட்சர்ச் நகரில் தொழுகைக்குக் கூடியிருந்தோர் பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையொட்டி, 'பப்ஜி' என்னும் துப்பாக்கி விளையாட்டை மலேசியாவில் தடைசெய்தல் வேண்டும் என்று நெகிரி செம்பிலான் மாநில முப்தி கருத்துரைத்தார். அந்நாளில் இளைஞர், விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த சைட் சாடிக், ஜொகூர் மாநிலத்து மூவார் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் அக்கருத்தை ஏற்கவில்லை. கொலைக்கு விளையாட்டைக் காரணமாக்குதல் பொருந்தாது என்பது அவர் கட்சி. அவ்வழக்கில் இரு திறத்தாரும் பெரிதும் பேசியது விளையாட்டின் விளைவைப் பற்றியே. விளையாட்டு எவ்வாறு ஆக்கப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துப் பார்த்தவர் சிலரே. ஒரு நாடகத்தைப் புகழவோ பழிக்கவோ முற்படுவோர் முதற்கண் அதன் அமைப்பை அறிதல் முறையன்றோ? ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் பிள்ளைகள் உண்ணும் வேளையை மறந்து ஆடுகின்ற ஒன்றுக்கு அம்முறை விலக்காகாது.

இவ்வகை ஆட்டத்திற்கு மேனாட்டார் இட்ட பெயரிலேயே ஓர் இலக்கணச் சொல் அமைந்திருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்துள் தன்மையிடத்தில் நின்று சுடும் ஆட்டம் என்பது அதன் பொருள். திரையில் வீரனின் முகம் தெரியாது, முதுகும் தெரியாது. அவன் கையும் கையிலுள்ள துப்பாக்கியும் மட்டும் கீழோரத்தில் தெரியும். காண்பவன் கண்ணே வீரனின் கண். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய 'மேஸ் வார்' என்னும் ஆட்டம் இவ்வகையின் தலைப்பிள்ளை எனப்படும். அதில் எதிரியாக வருவது மனித உருவன்று, பெரியதொரு கண்விழி. கோடுகளால் வரைந்த சுவர்களுக்கிடையே ஒரு விழி மற்றொரு விழியைத் தேடித் திரியும். அன்றைய கணினிக்கு அவ்வளவே இயன்றது என்று விட்டுவிடலாம்; ஆயினும் அரை நூற்றாண்டு கடந்து நோக்குங்கால், இக்கலையின் உயிர்நிலை முதல் முயற்சியிலேயே வெளிப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது. 1992இல் 'உல்ஃபென்ஸ்டைன் 3டி', 1993இல் 'டூம்', 1996இல் 'குவேக்' என்று அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் ஆக்கியவை இவ்வகையை உலகெங்கும் பரப்பின. அவற்றின் வரலாறு பலராலும் எழுதப்பட்டதே; ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

ஆட்டத்தின் போக்கை வகுப்பவை எவை? துப்பாக்கி என்றே வெளியில் நிற்போர் விடை கூறுவர். ஆடுவோர் அவ்வாறு கூறார். மனிதனின் இரு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ 180 பாகை அகலம் காணும். 'கவுன்டர்-ஸ்டிரைக்' ஆட்டத்தின் திரை காட்டுவது 90 பாகையே. பாதிக் கண்ணைக் கட்டிவிட்டுப் போர்க்களத்தில் விடுவதற்கு ஒப்பான இக்குறைபாட்டிலிருந்தே ஆட்டத்தின் சுவை பிறக்கிறது. முதுகுப்புறம் யார் வருகிறார் என்பது தெரியாது; ஆதலின் காது கூர்மை பெறுகிறது. ஓடினால் காலடியோசை எதிரிக்குக் கேட்கும். மெல்ல நடந்தால் கேளாது, ஆனால் நேரம் போய்விடும். ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். குறி வாய்க்க வேண்டுமாயின் நிற்க வேண்டும். நின்றால் பிறர் குறிக்கு இலக்காக நேரும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்னும் இக்கட்டு நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கிறது. விசையை அழுத்துவது கடைசிச் செயல். பெரும்பாலும் அதற்கு முன்னரே வெற்றி தோல்வி முடிவாகியிருக்கும்.

காட்சியே உயிர் என்பதற்குத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியிலேயே சான்றுண்டு. 2023இல் கம்போடியாவில் நடந்த அப்போட்டியில் 'வேலரண்ட்' ஆட்டத்தின் இறுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் மோதின. ஆட்டத்திற்குள் வைக்கப்படும் ஓர் உளவுக் கருவியைச் சிங்கப்பூர் அணியினர் முறையல்லாத வகையில் பயன்படுத்தினர் என்று இந்தோனேசியர் முறையிட்டனர். வழக்கு வளர்ந்து, ஆட்டம் முற்றுப்பெறாமல், இரு நாட்டிற்கும் தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது. முறையீடு எழுந்தது சுட்டதைப் பற்றியன்று, கண்டதைப் பற்றி என்பது கருதத்தக்கது.

காட்சியை ஆளுவது நிலம். 2001இல் டேவ் ஜான்ஸ்டன் என்பவர் 'கவுன்டர்-ஸ்டிரைக்' ஆட்டத்திற்கு வகுத்த 'டஸ்ட் 2' என்னும் களம் இன்றும் ஆடப்படுகிறது. பாலைநிலத்து ஊர் போன்ற தோற்றம், சில சந்துகள், வாயில்கள், மரப்பெட்டிகள், வேறொன்றும் இல்லை. ஆயினும் எந்த மூலையிலிருந்து புறப்படுவோர் எந்த வாயிலில் எத்தனை நொடியில் எதிர்ப்படுவர் என்பது அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கோயில் கட்டும் சிற்பி தூண்களை நிறுத்துவதுபோல இங்குப் பெட்டிகள் நிறுத்தப்பட்டுள்ளன. ஒரு பெட்டியை ஒரு சாண் நகர்த்தினால் ஆட்டமே வேறாகிவிடும்.

ஜொகூர்க்காரனுக்கு இதனை விளக்க டஸ்ட் 2 வரை போக வேண்டுவதில்லை. ரப்பர்த் தோட்டமே போதும். மரங்கள் நிரை நிரையாக நடப்பட்டிருக்கும். நிரைக்கு நேரே நிற்பவனுக்கு நெடுந்தொலைவு திறந்து கிடக்கும். இரண்டடி விலகினால் அடிமரங்கள் ஒன்றையொன்று மறைத்துச் சுவராகிவிடும். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்வெட்டப் போனவர்களுக்கு இது கண்கூடு. 1942 சனவரி 26, 27 இரவில், ஜெமாலுவாங்கிற்கு வடக்கே நித்ஸ்டேல் என்னும் தோட்டத்தில் ஆஸ்திரேலியரின் 2/18ஆம் படைப்பிரிவு பதுங்கியிருந்து சப்பானியரைத் தாக்கியது. அங்கும் முதலில் பேசியது நிலமே.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர் தமிழ்ச் சான்றோர். இவ்வாட்டத்திற்கும் அது பொருந்துகிறது. ஆனால் இங்குப் பொழுது என்பது வைகறை, நண்பகல் என்னும் பகுப்பன்று. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியால் அளக்கப்படுவது. இணையத்தின் வழி ஆடுங்கால் களம் ஆடுவோன் வீட்டில் இல்லை. எங்கோ ஒரு கணினி நிலையத்தில் இருக்கிறது. 'வேலரண்ட்' ஆட்டத்தின் கணினி, களத்தின் நிலையை நொடிக்கு 128 முறை கணக்கிடுகிறது. ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஜொகூர் பாருவில் இருப்பவன் சிங்கப்பூரிலுள்ள கணினியை எட்ட 30 கிலோமீட்டர் என்று கொண்டால், செலவு மில்லிநொடியில் ஆறில் ஒரு பங்கும் ஆகாது. இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தைக் கூட்டினாலும் சில மில்லிநொடிகளே. கடற்பாலத்தில் பேருந்துக்குள் மணிக்கணக்கில் நிற்கும் தந்தையும், அதே பாலத்திற்கு மேற்பட்ட தொலைவைக் கண்ணிமைப்பதற்குள் கடந்து சுடும் மகனும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர்! அம்மகனே அமெரிக்க மேலைக் கரையிலுள்ள கணினியில் ஆடப் புகுந்தால், 14,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 140 மில்லிநொடி வேண்டும். அதற்குள் களம் ஏறத்தாழ 18 முறை மாறிவிடும். அவன் கண்டு சுடுவது எதிரியை அன்று. எதிரி நின்ற இடத்தை. திறமை ஒன்றே முடிவு செய்கிறது என்று ஆடுவோர் பெருமை பேசுவதுண்டு. பிறந்த ஊரும் முடிவு செய்கிறது என்பதை ஜொகூர்ப் பிள்ளைகள் தம் நற்பேறு காரணமாக உணர்வதில்லை.

இத்தாமதத்தால் மற்றொரு விந்தையும் நேர்கிறது. மூலையில் பதுங்கிக் காத்திருப்பவனைக் காட்டிலும், மூலையைத் தாண்டி வெளிப்படுபவன் ஓர் இமைப்பொழுது முன்னதாகக் காண்கிறான். அவன் வெளிப்பட்ட செய்தி காத்திருப்பவன் திரைக்கு வந்து சேரச் சற்றுப் பிந்துகிறது. உண்மைப் போரில் காவலிருப்பவனுக்குள்ள மேன்மை இங்குச் சிறிது குறைகிறது.

கருப்பொருள் எனத்தக்க படைக்கலங்களைப் பற்றிச் சுருங்கச் சொன்னாலே போதும். ஏகே-47 துப்பாக்கியில் 30 குண்டு. விலை 2,700 வெள்ளி, ஆட்டத்துப் பணத்தில். இடைவிடாது சுட்டால் அதன் வாய் எப்பக்கம் எழும் என்பது மாறாத ஒழுங்குடையது. அதனைக் கைப்பழக்கத்தால் அடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருக்கும் பணத்திற்கேற்ப வாங்க வேண்டும். பணம் மிகுந்தவன் துப்பாக்கி வாங்கி, பொருளற்ற தோழன் காலடியில் எறிவது வழக்கம். கேளாமலே கொடுப்பவனுக்கு நண்பர்களிடையே மதிப்புண்டு. கொடை என்னும் பண்பு எங்கெல்லாம் குடிபுகுகிறது!

இனி உரிப்பொருள். புறத்திணையை அறிந்த ஒருவர் இவ்வாட்டங்களைக் காண நேர்ந்தால் வியப்பின்றி இரார். தொல்காப்பியர் புறத்தை ஏழு திணையாக வகுத்தார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையையும் நொச்சியையும் தனியே பிரித்துப் பன்னிரண்டாக்கியது. எதிரியின் கொடியைக் கவர்ந்து தன் இடம் கொணரும் ஆட்டம் வெட்சி. கவர்ந்ததை மீட்டல் கரந்தை. ஒரு திறத்தார் வெடிகுண்டை வைக்கப் புகுவதும் மறுதிறத்தார் அவ்விடத்தைக் காப்பதும் உழிஞையும் நொச்சியுமேயன்றி வேறில்லை. வேறு எப்பயனும் கருதாது, வலிமையைக் காட்டுதலே பொருளாக இரு படையும் ஒரு களத்தில் கலந்து சுடும் ஆட்டம் தும்பை. இவ்வொப்புமை வெறும் விளையாட்டன்று. மக்கள் போரை எண்ணிப் பார்க்கும் வகைகள் மிகச் சிலவே என்பதையும், கணினி வல்லார் தாமறியாமலே பழைய வழித்தடத்தில் நடந்திருக்கின்றனர் என்பதையும் அது காட்டுகிறது.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நிற்கும் அவ்விடமே ஆராய்தற்குரியது. வெட்சியையும் தும்பையையும் வகுத்தவர்கள் காஞ்சியையும் வகுத்தனர். நிலையாமை அதன் பொருள். மகனை இழந்த தாயும், கணவனை இழந்த மனைவியும், தலைவனை இழந்த பாணனும் புறநானூற்றில் பேசுகின்றனர். அவர்கள் கையில் வேல் இல்லை. போரைப் பாடிய அதே தொகை அவர்களுக்கும் இடம் தந்தது. சுடும் ஆட்டத்தில் இவ்விடம் எங்கே?

புண்ணை எடுத்துக்கொள்க. 'டூம்' ஆட்டத்தில் வீரனின் உடல்நலம் ஓர் எண், அடிபட்டால் குறையும், மருந்துப்பெட்டி கிடைக்கும்வரை குறைந்தே இருக்கும். ஆகவே முன் அறையில் பட்ட அடி அடுத்த அறையிலும் நினைவில் நிற்கும். 2001இல் வந்த 'ஹேலோ' தானே நிரம்பும் கவசத்தைப் புகுத்தியது. 2005இல் 'கால் ஆஃப் டூட்டி 2' ஒருபடி மேற்சென்று, சிறிது பதுங்கியிருந்தால் புண்ணே ஆறிவிடும் என்று விதித்தது. ஆட்டத்தின் விறுவிறுப்புக்கு இது பெரிதும் உதவிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு மோதலும் புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் புண் தன் பொருளை இழந்தது. வெண்ணிக் களத்தில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். அத்தகைய நாணம் இன்று வேண்டா. எனினும் புண்பட்டவனைச் சுமக்க வேண்டிய பாரமேனும் போரின் உண்மையாக எஞ்ச வேண்டாவா?

ஜொகூர் மண்ணில் அப்பாரம் எத்தகையது என்பது தெரிந்ததே. மூவாரையும் பக்ரியையும் இழந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் 1942 சனவரியில் பாரிட் சூலோங் பாலத்தை அடைந்தபோது சப்பானியர் அதனைப் பிடித்திருந்தனர். நடக்க வல்லவர் காட்டுவழியே தப்பினர். நடக்கமாட்டாத காயமுற்றோர் விடப்பட்டனர். சரணடைந்த அவர்கள் கொல்லப்பட்டனர். அப்போரின் துயரம் அனைத்தும் புண் ஆறாமையிலிருந்து விளைந்தது. பதுங்கினால் ஆறும் புண்ணைக் கொண்டு அப்பாலத்தை எவரேனும் ஆட்டமாக்குவாராயின், பாலம் இருக்கும், துப்பாக்கி இருக்கும். பாரிட் சூலோங் இராது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1942 சனவரி 14இல், ஜொகூர் எல்லையை அடுத்த கெமிஞ்சே ஆற்றுப் பாலத்தருகே ஆஸ்திரேலியரின் 2/30ஆம் படைப்பிரிவினர் மறைந்திருந்தனர். மிதிவண்டியில் வந்த சப்பானியரில் சில நூற்றுவரைக் கடந்துபோக விட்டுப் பாலத்தைத் தகர்த்துச் சுட்டனர். ஆனால் பின்னிருந்த பீரங்கிகளுக்குச் சொல்லியனுப்ப முயன்றபோது தொலைபேசிக் கம்பி அறுபட்டிருந்தது. காட்சி, மறைவு, காலம், அறுந்த செய்தி ஆகிய யாவும் இவ்வாட்டத்திற்கு உகந்தவை. ஒரு தேர்ந்த களவமைப்பாளன் கையில் அவை அருமையாக அமையும். ஆகவே ஜொகூர்ப் போர் இவ்வகைக்கு முற்றும் அயலன்று. ஒரு பாதிக்கு இடம் தந்து மறுபாதியை வெளியே நிறுத்துகிறது ஆட்டத்தின் இலக்கணம்.

வெளியே நிற்போர் யார் என்பதைக் 'கவுன்டர்-ஸ்டிரைக்' தன் வரலாற்றிலேயே காட்டுகிறது. 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தின்மீது ஒட்டாக இதனைச் செய்தபோது, முதலில் அமைந்தது பிணைக்கைதிகளை மீட்கும் ஆட்டம். வெடிகுண்டு பின்னரே வந்தது. ஆயுதமற்ற மனிதர் களத்தில் இருந்தனர். ஆனால் அவர்கள் பேசாது நின்றனர். தொட்டால் பின்னே நடந்தனர். கொன்றால் பணம் குறைந்தது. வெட்சியில் ஆநிரை நின்ற இடத்தில் இங்கு மாந்தர் நிறுத்தப்பட்டனர். அதுவும் நிலைக்கவில்லை. பரிசுக்கு ஆடும் போட்டிகள் பிணைக்கைதிக் களங்களை விலக்கி வெடிகுண்டுக் களங்களையே கைக்கொண்டன. இருபுறமும் சமன் வாய்ப்பு அமைவது வெடிகுண்டில்தான் எளிது என்பது ஆடுவோர் கூறும் காரணம், காரணம் சரியானதே. சமன் தேடிய ஆட்டம் முதலில் இறக்கி வைத்த சுமை, கையில் ஆயுதம் இல்லாத மனிதனாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து மலாயாவை நெருங்கி வந்த பெயர்பெற்ற ஆட்டம் ஒன்றுண்டு. 2003இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மெடல் ஆஃப் ஆனர்: ரைசிங் சன்' அது. ஜோசப் கிரிஃபின் என்னும் அமெரிக்க மரைன் படை வீரனின் கண்வழியே கதை செல்கிறது. பெர்ல் துறைமுகத்தில் தொடங்கி, பிலிப்பீன்சும் குவாடல்கனாலும் கடந்து, சிங்கப்பூரில் ஒரு பகுதி. பின்னர்க் குவாய் ஆற்றுப் பாலத்தின் பெயரைத் தாங்கிய ஒரு பகுதி. ஜொகூரில் எப்பகுதியும் இல்லை. 1942 சனவரி 31இல் தகர்க்கப்பட்ட கடற்பாலமும், யமாஷிதா தங்கிச் சிங்கப்பூரை நோக்கியிருந்த புக்கிட் செரின் அரண்மனையும் அதன் பாதையில் வரவில்லை. அது பெருங்குறையன்று; எல்லா ஊரையும் எந்த ஆட்டமும் காட்ட முடியாது. குவாய்ப் பகுதியே கருதத்தக்கது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேற்பட்டோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்னும் புதினம் அவர்களைப் பற்றியதே. அப்பாலத்திற்குத் துப்பாக்கியின் கண்வழியே செல்பவனுக்கு அது தாக்குதற்குரிய ஓர் இலக்கு. மண் சுமந்தவனுக்கு அது வேறு. இருவர் கண்ணையும் ஒருங்கே தருதல் தன்மையிடம் ஒன்றையே அறிந்த வடிவத்திற்கு இயலாது.

இதனை ஆட்டம் செய்தோரின் நெஞ்சக் குறை என்று பழித்தல் தகாது. போரில் ஆயுதமற்றோரை ஆட்டமாக்கியவர்களும் உளர். போலந்து நாட்டு 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்', முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் தேடும் குடிமக்களைப் பற்றியது. சரயேவோ முற்றுகை அதற்குத் தூண்டுகோல். அதில் பசி நாளுக்கு நாள் கூடுகிறது. நோய் எளிதில் ஆறுவதில்லை. செய்த திருட்டு மறுநாள் மனத்தை வருத்துகிறது. இடிந்த வீடு ஒன்றை வெட்டிப் பக்கவாட்டில் காட்டியதுபோல அதன் திரை அமைந்திருக்கிறது. ஆடுவோன் பலரையும் வெளியே நின்று காண்கிறான். அதாவது, ஆயுதமற்றோரைக் காட்ட முற்பட்ட அவ்வாட்டம் தன்மையிடத்தை விட்டுப் படர்க்கைக்கு மாறியிருக்கிறது.

தன்மையில் நின்றுகொண்டே அதனைச் செய்ய முடியுமா என்பது இன்னும் எஞ்சியுள்ள கேள்வி. முடியாதென்று முடிந்த முடிபாகக் கூறுவதற்கில்லை. காட்சி குறுகியது, செவி கூரியது, நிற்பதும் ஓடுவதும் இக்கட்டு, நொடி விலையுடையது என்னும் இவ்வுறுப்புகளில் துப்பாக்கி இன்றியமையாதது எதுவும் இல்லை. விளக்கணைத்த லயத்து வீட்டில் பலகைச் சுவரோடு ஒட்டி, வெளியே செம்மண் சாலையில் வரும் காலடி யாருடையது, எத்தனை பேருடையது, நின்றதா கடந்ததா என்று செவிகொடுத்திருந்தவர்களுக்கு 90 பாகை கூடக் காட்சி இல்லை.